மனு கொடுத்தேன், பதிலே இல்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவில் யாருக்காவது சான்றிதழ் நின்றுபோனால் என்னிடம் வருவார்கள். நான் வக்கீல் இல்லை, அரசு ஊழியரும் இல்லை. அப்பா இறந்தபின் வாரிசுச் சான்றுக்காக 11 மாதம் அலைந்ததில் சில விஷயங்கள் பிடிபட்டன, அவ்வளவுதான். வருகிறவர்களுக்கெல்லாம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நடைமுறை, கொஞ்சம் ஆத்திரம், இரண்டும் கலந்துதான் இருக்கும்.

மனு கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. தள்ளுபடி செய்துவிட்டார்களா, பரிசீலனையில் இருக்கிறதா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. உங்கள் மனு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டால் நாளைக்குத் தணிக்கையில் யாராவது கேள்வி கேட்கலாம். ‘முடியாது’ என்று எழுதினால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதிவிட்டால் நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு மேல்முறையீடு போவீர்கள், கோர்ட்டுக்கும் போவீர்கள். மூன்றாவது வழி, கோப்பைக் கட்டி அடியில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது. அதற்குக் கையெழுத்தும் வேண்டாம், காரணமும் வேண்டாம்.

தப்பாக ‘சரி’ சொன்னவர் மாட்டியிருக்கிறார். தப்பாக ‘முடியாது’ சொன்னவரும் மாட்டியிருக்கிறார். ஒன்றுமே சொல்லாமல் இருந்தவர் மாட்டியதாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? சோம்பேறிகள் என்று நாம் திட்டுகிறோம். பல நேரம் அது சோம்பேறித்தனமே இல்லை. நன்றாகக் கணக்குப் போட்டுப் பார்த்து எடுத்த முடிவு. நம் அரசு நிர்வாகத்தின் மிகப் பெரிய கோளாறு இதுதான் என்பது என் வாதம். இங்கே மௌனத்துக்கு விலை கிடையாது. கீழே நான் சொல்லப்போகிற எல்லாம் இந்த ஒரு இடத்தைச் சுற்றித்தான் வரும்.

மனுவுக்குப் பதில் சொல்லக் காலக்கெடு எதுவும் கிடையாதா?

ஏன் இல்லை, இருக்கிறது. தமிழ்நாட்டில் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் அரசாணை (ஜி.ஓ.) எண் 99, நாள் 21.09.2015. மனு வந்த 3 நாளுக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்கிறது. மனு எழுதுகிற ஆட்கள் பலருக்கு இந்த எண் மனப்பாடம்.

இதை அச்சடித்து எடுத்துக்கொண்டு போய் ஒரு அலுவலகத்தில் காட்டினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “நல்ல ஜி.ஓ. சார்” என்றார். கேலியாகச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னார்.

அந்த அரசாணையை மீறினால் மீறியவர் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் (ஆர்.டி.ஐ.) இதே 30 நாள்தான் கெடு. அங்கே தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை, தகவல் அலுவலர் தன் கையிலிருந்து கட்ட நேரிடலாம். அலுவலகம் அதே, ஆட்கள் அதே, 30 நாளும் அதே. ஒரு காகிதத்தைப் பார்த்தால் பாராட்டுகிறார்கள், இன்னொன்றைப் பார்த்தால் நாற்காலியை விட்டு எழுகிறார்கள்.

ஆர்.டி.ஐ. என்றால் தகவல் கேட்கத்தானே? என் பட்டா வேலை அதில் நடக்குமா?

சட்டப்படி நடக்காது. தகவல்தான் கிடைக்கும். ஆனால் சரியான தகவலைக் கேட்டால் அந்தத் தகவலைத் தயாரிப்பதைவிட உங்கள் வேலையை முடித்துக் கொடுப்பது அவர்களுக்குச் சுலபமாகிவிடும். சூட்சுமம் அங்கே இருக்கிறது.

பலர் செய்கிற தப்பு, ‘என் பட்டா ஏன் இன்னும் வரவில்லை?’ என்று எழுதுவது. ‘ஏன்’ என்று தொடங்கினால் ‘கேள்விகளுக்கு விளக்கம் அளிக்கச் சட்டத்தில் இடமில்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஏட்டில் இருப்பதை மட்டும் கேளுங்கள். இன்ன தேதியில் நான் கொடுத்த மனு எந்த ந.க. எண்ணில் (அலுவலகம் போடும் கோப்பு எண்) பதிவானது? எந்தப் பிரிவின் தன்பதிவேட்டில் (வரும் கோப்புகளைப் பதிந்துவைக்கும் ஏடு) எந்தத் தேதியில் ஏறியது? அந்தப் பக்கத்தின் நகல் வேண்டும். அன்றிலிருந்து இன்றுவரை கோப்பு யார் யாரிடம், எத்தனை நாள் இருந்தது? அவர்கள் பெயர், பதவி என்ன? கோப்பில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் வேண்டும். இந்த வகை மனுவை முடிக்க விதியில் உள்ள கால அளவு எத்தனை நாள்?

‘யாரிடம், எத்தனை நாள்’ என்ற கேள்விதான் ஊசி. அதற்குப் பதில் எழுத வேண்டுமென்றால் ஒருவர் இன்னொருவர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அலுவலகத்தில் யாருமே விரும்பாத காரியம் அது.

மற்றபடி எல்லாம் எளிது. வெள்ளைத்தாளில், தமிழில், பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீடு போஸ்டில் ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் என்றால் சான்றின் நகலை வைத்தால் போதும், கட்டணம் இல்லை. ‘இந்தத் தகவல் உனக்கு எதற்கு?’ என்று கேட்க அவர்களுக்கு உரிமை கிடையாது, 6(2) பிரிவு. ‘இது எங்கள் அலுவலகம் இல்லை’ என்று திருப்பி அனுப்பவும் முடியாது. எந்த அலுவலகமோ அங்கே அவர்களே 5 நாளுக்குள் அனுப்பி உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்; 6(3).

என் கதையில், விண்ணப்பம் போன 19-ம் நாள் போன் வந்தது. “ஆர்.டி.ஐ. எல்லாம் எதுக்கு சார், நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.” அதற்கு முன் 14 தடவை நேரில்தான் போயிருந்தேன்.

30 நாள் ஆயிற்று. தகவலும் வரவில்லை. இனி?

அதே துறையில் தகவல் அலுவலருக்கு மேலே உள்ள மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அவர் 30 நாளில், காரணம் எழுதினால் 45 நாளில், முடிக்க வேண்டும். அதுவும் ஆகவில்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு. கெடு தாண்டிவிட்டால் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள், 7(6).

இங்கேதான் ஓட்டை. தகவல் அலுவலருக்குக் கெடு இருக்கிறது. முதல் மேல்முறையீட்டுக்கும் இருக்கிறது. ஆணையத்துக்குக் கெடு கிடையாது. இரண்டாவது மேல்முறையீட்டை எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவே இல்லை. ஆக, கீழ்த்தட்டில் விலை வைத்து விரட்டிய மௌனம் படியேறி மேலே போய் உட்கார்ந்துகொண்டது. ஆணையர் இடங்களை நிரப்பாமல் இழுத்தால் போதும், சட்டத்தைத் தொடாமலேயே அதன் பல்லைப் பிடுங்கிவிடலாம். தாலுகா எழுத்தர் கோப்பை அடியில் வைப்பதற்கும், அரசாங்கம் நியமனக் கோப்பை அடியில் வைப்பதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

தொட்டும் பார்த்தார்கள். 2019 திருத்தம் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் முடிவு செய்யும் அதிகாரத்தை மத்திய அரசின் கையில் கொடுத்தது. முன்பு 5 வருடம் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 8(1)(ஜே) பிரிவைச் சுருக்கி, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கியது. ‘எந்த அதிகாரியிடம் எத்தனை நாள்’ என்ற நம் கேள்விக்கே நாளைக்கு ‘அது தனிப்பட்ட தகவல்’ என்று பதில் வருமோ என்ற பயம் எனக்கு உண்டு.

தகவல் சட்டத்தில் தமிழ்நாடுதானே முன்னோடி?

தேதியில் முன்னோடி. 1997-லேயே இங்கே சட்டம் வந்தது. விதிவிலக்குகள் நிறைந்த சட்டம், யாருக்கும் பெரிதாக உதவவில்லை. உயிருள்ள சட்டம் ராஜஸ்தான் கிராமங்களிலிருந்து வந்தது. பஞ்ச நிவாரண வேலை செய்த கூலிகளுக்கு முழுக் கூலி தராமல் வருகைப் பட்டியலில் பொய்க் கணக்கு எழுதினார்கள். ‘அந்தப் பட்டியலின் நகலைக் கொடு’ என்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு கேட்டது. ஐ.ஏ.எஸ். வேலையை விட்டு வந்த அருணா ராய் அதை உருவாக்கியவர்களில் ஒருவர். 1996-ல் பியாவரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். 2005 அக்டோபர் 12-ல் ஜம்மு காஷ்மீர் தவிர நாடு முழுக்க நடைமுறைக்கு வந்த சட்டத்தின் வேர் அது. மேசை போட்டு எழுதின சட்டத்துக்கும் கூலி கேட்டவன் எழுத வைத்த சட்டத்துக்கும் உள்ள தூரம் இதில் தெரிகிறது.

கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனு கொடுத்தால் வேகமாக நடக்குமா?

சில நேரம் நடக்கும். கலெக்டரே படித்து, அங்கேயே தாசில்தாரைக் கூப்பிட்டுக் கேட்டால் அன்றைக்கே நடக்கும். மாற்றுத்திறனாளி ஸ்கூட்டர், முதியோர் உதவித்தொகை மாதிரி விஷயங்களில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லா மனுவுக்கும் அந்த யோகம் கிடையாது.

வழக்கமாக நடப்பது வேறு. தாலுகா அலுவலகம் பதில் சொல்லவில்லை என்று கலெக்டரிடம் புகார் செய்கிறீர்கள். மனுவுக்கு எண் போட்டு, குறுஞ்செய்தி வருகிறது. மனு ‘உரிய நடவடிக்கைக்காக’ கீழே இறங்குகிறது. எங்கே? அதே தாலுகா அலுவலகத்துக்கு. நீங்கள் யார் மீது புகார் சொன்னீர்களோ அவர் மேசைக்கே போய்ச் சேர்கிறது. அவர் எழுதுகிறார்: ‘மனுதாரரின் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.’ கணினியில் மனு முடிவுற்றதாகிவிடும். மாதக் கடைசியில் இத்தனை ஆயிரம் மனுக்களுக்குத் தீர்வு என்று செய்தி வரும். அதில் உங்களுடையதும் ஒன்று.

இப்படி மனு வாங்கும் நாளுக்கு மனுநீதி நாள் என்று ஒரு பெயர் உண்டு. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். கன்றை இழந்த பசு மணியை ஒரு தடவைதான் அடித்தது. சோழன் இறங்கி வந்தான். ‘மணியோசை உரிய நடவடிக்கைக்காகத் தேரோட்டிக்கு அனுப்பப்படுகிறது’ என்று சொல்லவில்லை.

இதில் எனக்குத் தோன்றும் இன்னொன்று. 2016-ல் அம்மா அழைப்பு மையம், 2021-ல் முதல்வரின் முகவரி, 2023-ல் மக்களுடன் முதல்வர், 2025-ல் உங்களுடன் ஸ்டாலின். எந்தக் கட்சி வந்தாலும் மனு வாங்க ஒரு தனி ஏற்பாடு தேவைப்படுகிறது. பந்தல் போட்டு, துறை துறையாக மேசை போட்டு, அங்கே அதே அதிகாரிகள் வந்து உட்கார்ந்தால் வேலை நடக்கிறது என்கிறார்கள். அப்படியானால் மற்ற நாட்களில் அவர்கள் அலுவலகத்தில் ஏன் நடக்கவில்லை? முகாம் எவ்வளவு பெரிய வெற்றியோ, அன்றாட நிர்வாகம் அவ்வளவு பெரிய தோல்வி என்று அரசே விளம்பரம் கொடுப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

மற்ற மாநிலங்களில் எப்படி?

2010-ல் மத்தியப் பிரதேசம் சேவை உத்தரவாதச் சட்டம் ஒன்றை இயற்றியது. இன்ன சான்று இத்தனை நாளில் தர வேண்டும், தராவிட்டால் அதிகாரிக்கு அபராதம். அடுத்த சில வருடங்களில் பீகார், டெல்லி, பஞ்சாப், ராஜஸ்தான், கர்நாடகம், கேரளம், மகாராஷ்டிரம் என்று வரிசையாக வந்தன. அந்த வரிசையில் தமிழ்நாடு சேரவில்லை. மத்தியில் 2011 டிசம்பரில் இதே மாதிரி ஒரு மசோதா மக்களவைக்கு வந்து, 2014-ல் அவை கலைந்ததோடு காலாவதியாகிவிட்டது.

அந்தச் சட்டத்தின்கீழ் கர்நாடகம் நடத்தும் சகாலா திட்டம் எனக்குப் பிடிக்கும். விண்ணப்பித்ததும் 15 இலக்க எண் ஒன்று தருவார்கள். கெடு தாண்டினால் ஒரு நாளைக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய், தாமதப்படுத்தியவரிடமிருந்து விண்ணப்பித்தவருக்கு. ‘20 ரூபாயா? டீச்செலவுக்குக் காணாதே’ என்று சிரிப்பார்கள். தொகையில் ஒன்றும் இல்லை. அந்த 20 ரூபாயைப் பிடிக்க வேண்டுமென்றால் ‘இன்னார் தாமதம் செய்தார்’ என்று ஏட்டில் எழுத வேண்டும். நம் ஊரில் பத்து வருடம் அலைந்தாலும் எழுத வைக்க முடியாத வாக்கியம் அது.

இந்தச் சட்டங்களைப் பெரிதாகக் கொண்டாடவும் வேண்டாம். கெடு முடிகிற அன்று சாயங்காலம் ‘ஆவணம் தெளிவில்லை’ என்று தள்ளுபடி செய்தால் கணக்குப்படி சேவை சரியான நேரத்தில் முடிந்துவிட்டது. இழப்பீட்டை நீங்களே கேட்டு வாங்க வேண்டும் என்று வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். நாளைக்கும் அதே மேசைக்குத்தானே போக வேண்டும். நான் சட்டம் எழுதினால் அபராதம் கேட்காமலே வந்து சேரும்படி எழுதுவேன். சம்பளப் பட்டியல் தயாராகும்போதே கழிந்துவிட வேண்டும். பேசாமல் இருப்பது செலவு என்று ஆனால்தான் பேச ஆரம்பிப்பார்கள்.

மௌனம் சம்மதம் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டால் என்ன?

எழுதலாம். எழுதியும் இருக்கிறார்கள். பிரான்சில் 2013-ல் இயற்றிய ஒரு சட்டப்படி, விண்ணப்பத்துக்கு 2 மாதம் அரசு பதில் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகப் பொருள். விதிவிலக்குப் பட்டியல் நீளம்தான், இருந்தாலும் அடிப்படை அது. நம் நாட்டுச் சட்டத்திலும் இந்த யோசனை நுழைந்திருக்கிறது. அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த முன் அனுமதி வேண்டும் அல்லவா? புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218-வது பிரிவுப்படி 120 நாளுக்குள் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கருத வேண்டும்.

எல்லாவற்றுக்கும் இது ஆகாது. பட்டாசு ஆலை உரிமம், அடுக்குமாடிக் கட்டட அனுமதி, மருந்துக் கடை இதெல்லாம் யாரோ தூங்கியதால் தானாகக் கிடைத்துவிட்டால் ஆள் செத்துப்போவான். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, இருப்பிடச் சான்று தானாகக் கிடைத்தால் யார் சாகப்போகிறார்கள்? பொய் சொல்லி வாங்கினவரைப் பிறகு பிடித்து ரத்து செய்துகொள்ளலாம். ஒருவர் பொய் சொல்வார் என்று நூறு பேரை அலைய விடுவதுதான் நம் கொள்கை என்றால், அதையாவது எழுத்தில் அறிவிக்கட்டும்.

அதுதான் எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டதே?

வந்திருக்கிறது. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். முன்பு தாலுகா வாசலில் மரத்தடியில் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவருக்கு அதைவிட அதிகம் கொடுத்தோம். அந்த அளவுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை.

ஆனால் விண்ணப்பம் உள்ளே போனபின் என்ன ஆகிறது? வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) பார்க்க வேண்டும், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) பார்க்க வேண்டும், தாசில்தார் பார்க்க வேண்டும். காகிதத்தில் இருந்த அதே மூன்று படிகளைத் திரையில் கட்டிவிட்டார்கள். வரிசை கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் குறைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. சில இடங்களில் ஆன்லைனில் போட்டுவிட்டு, அதன் அச்சுப்பிரதியோடு வி.ஏ.ஓ.வை நேரில் போய்ப் பார்த்தால்தான் நகர்கிறது. அதாவது இரண்டு வேலையாகிவிட்டது.

படியைக் கணினியில் ஏற்றுவதற்கும் படியை எடுப்பதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமா? பச்சை மையை நினைத்துப் பாருங்கள். சான்றிதழ் நகலில் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் சான்றொப்பம் வேண்டும் என்று தலைமையாசிரியர் வீட்டு வாசலிலும் கால்நடை மருத்துவர் வாசலிலும் நின்ற தலைமுறை நாங்கள். அவர் அசலைப் பார்த்தாரா என்றுகூட யாரும் கேட்டதில்லை. 2014-ல் சுயசான்றொப்பம் போதும் என்றார்கள். கணினி வாங்கவில்லை, செயலி செய்யவில்லை. ஒரு சுற்றறிக்கை, அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. இப்படி எடுத்துப்போட வேண்டிய படிகள் இன்னும் எத்தனையோ கிடக்கின்றன. எடுத்தால் திறப்பு விழா நடத்த முடியாது, ரிப்பன் வெட்ட முடியாது. அதனால் செயலி வருகிறது.

பணம் கொடுத்தால் ஒரே நாளில் முடிகிறது. கொடுத்துவிடலாமா?

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தால் 7 நாளுக்குள் காவல்துறையிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ சொல்லிவிட வேண்டும். முன்கூட்டியே லஞ்ச ஒழிப்புத் துறைக்குத் தெரிவித்துவிட்டுக் கொடுப்பது வேறு, அதற்குப் பாதுகாப்பு உண்டு.

வேலைக்கு விடுப்பு எடுக்க முடியாத ஒரு விதவை 2,000 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டார் என்றால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அலைவதற்கு அவருக்கு ஆகும் கூலி நட்டம் அதைவிட அதிகம். லஞ்சத்தின் விலையை நிர்ணயிப்பதே அந்த அலைச்சல்தான். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. நம்ம ஊர்க்காரர் கே. சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழு 1964 அறிக்கையிலேயே இதைச் சொல்லிவிட்டது. வேகமாக முடிக்கக் கொடுக்கும் பணம், அந்தப் பணத்துக்காகவே வேலையை நிறுத்திவைக்கும் பழக்கத்தை உண்டாக்கிவிட்டது என்று. அந்த அறிக்கையை வைத்து மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் வந்தது. நிறுத்திவைக்கும் பழக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது. கை நீட்டுபவரைப் பிடிக்கத் துறை வைத்திருக்கிறோம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைக் கேட்க யாரும் இல்லை.

கோர்ட்டுக்குப் போகலாமா?

போகலாம். அரசியலமைப்பின் 226-வது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட். பெரும்பாலும் என்ன உத்தரவு வரும் தெரியுமா? ‘மனுதாரரின் மனுவை 12 வாரங்களுக்குள் சட்டப்படி பரிசீலித்து முடிவெடுக்கவும்.’ வக்கீலுக்குப் பணம் கட்டி, சென்னைக்கோ மதுரைக்கோ போய், நீதிபதியின் நேரத்தை எடுத்துக்கொண்டு, உங்கள் மனுவைப் படிக்கச் சொல்லி ஓர் உத்தரவு. படித்துவிட்டு அவர் ‘முடியாது’ என்று எழுதலாம். எழுதினால் அதை எதிர்த்து இன்னொரு ரிட். கோர்ட்டுகளில் வழக்கு தேங்குகிறது என்று கவலைப்படுகிறவர்கள் இந்தப் ‘படிக்கச் சொல்லுங்கள்’ வழக்குகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

ஊழியர்களையே குறை சொல்கிறீர்கள். ஆளே இல்லாமல் அவர்கள் படும் பாடு?

உண்மை. ஒரே வி.ஏ.ஓ. இரண்டு மூன்று கிராமங்களைக் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். தேர்தல் வந்தால் அந்த வேலை, வெள்ளம் வந்தால் கணக்கெடுப்பு, அமைச்சர் வந்தால் பந்தல். இதற்கு நடுவில் உங்கள் பட்டா. இன்னொரு கொடுமை, மேலிடத்து வாய்மொழி உத்தரவுகள். ‘அந்தக் கோப்பை இப்போதைக்குத் தொடாதே’ என்று போனில் சொல்வார்கள். எழுத்தில் இருக்காது. பின்னால் பிரச்சினை வந்தால் கீழே இருப்பவர்தான் மாட்டுவார். வாய்மொழி உத்தரவுகளை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபரில் டி.எஸ்.ஆர். சுப்ரமணியன் வழக்கில் சொன்னது. அவர் நம் தஞ்சாவூர்க்காரர், மத்திய அமைச்சரவைச் செயலராக இருந்தவர். அவரே கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது என்றால் ஓர் இளநிலை உதவியாளர் போனை எடுத்துவிட்டு ‘எழுத்தில் கொடுங்கள் ஐயா’ என்று கேட்பாரா?

ஆட்சி மாறினால் சரியாகுமா?

கவுன்ட்டருக்கு மேலே தொங்கும் படம் மாறும்.

உங்கள் ஆர்.டி.ஐ.க்குக் கடைசியில் என்ன பதில் வந்தது?

அந்தப் போன் வந்த 9-ம் நாள் வாரிசுச் சான்று கைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் தகவல் தபாலில் வந்தது. வேலை முடிந்ததால் பிரிக்காமலே வைத்திருப்பேன், நல்லவேளை பிரித்தேன்.

கோப்பு எங்கெங்கே இருந்தது என்று தேதிவாரியாகப் போட்டிருந்தார்கள். ஆய்வாளரிடம் 26 நாள். வேறு ஒருவரிடம் 40 நாள். ‘ஆ3’ என்ற இருக்கையில் மட்டும் 214 நாள். அந்த வரிசையில் அலுவலர் பெயர் என்ற கட்டத்தில் ‘காலிப் பணியிடம்’ என்று இருந்தது. ஆள் மாறுதலில் போய்விட்டார். அடுத்தவர் வரவில்லை. கூடுதல் பொறுப்பும் யாருக்கும் கொடுக்கவில்லை. தபால் பிரிவில் மட்டும் வழக்கம்போல் ‘ஆ3’ என்று எழுதி, அந்த மேசையில் மனுக்களை வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

14 தடவை போனபோதும் அந்த நாற்காலியைப் பார்த்திருக்கிறேன். பின்னால் ஒரு துண்டு தொங்கும். சாப்பிடப் போயிருப்பார் என்று நினைத்துக் காத்திருப்பேன். பக்கத்து மேசைக்காரரிடம் ‘சார் எப்போ வருவார்?’ என்று கேட்டால் “வந்துருவார்” என்பார்.